ஊஞ்சலுக்கு ஒரு சிவப்புப் பொட்டு

— அக்கா, பொட்டை மாத்தி ஒட்டிட்ட பாரு. பச்சை ஒட்டணும். இது சிவப்பு.

— தெரியும்டா.

— என்னத்த தெரியும்? பச்சைன்னா நம்ம பார்க்ல பழைய ஊஞ்சல் இருக்கட்டும்னு அர்த்தம். சிவப்புன்னா பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசு வைங்கன்னு அர்த்தம். காலையிலேர்ந்து மைக்ல கத்திக்கிட்டிருக்கேன், கூடப்பிறந்த அக்கா காதுலயே விழல. யமுனா மேடம், கொஞ்சம் இப்படி வாங்க. இந்தப் பொட்டைப் பிச்சுடுங்க. எங்க அக்கா சந்திரம்மாள், தெரியாம ஒட்டிட்டாங்க.

— நவநீதன் சார், ஒருத்தர் ஒட்டினதை நானா பிக்க முடியாது. அவங்களே சொல்லணும்.

— மத்தியானம் ஆனந்தவள்ளி மாமிக்கு மட்டும் மாத்திக் குடுத்தீங்க?

— அவங்களே வந்து கேட்டாங்க சார். பொட்டுன்னா சிவப்புதானே மங்களம், பச்சைப் பொட்டை யாராவது வைப்பாங்களான்னு நெனச்சு ஒட்டிட்டேன்னாங்க. அதே மாதிரி இன்னும் நாலு பேர். ஆக்சுவலா, பார்க்கைப் புதுப்பிக்கிற எங்க ஆபீஸ்லேர்ந்து கொண்டுவந்த ஸ்டிக்கரெல்லாம் மழையில நனையாம இருந்திருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது.

— நனைஞ்சா என்ன மேடம், உடனே நான் வண்டியை எடுத்துக்கிட்டு வளையல் கடைக்குப் பறந்தேன்ல? அசோசியேஷன் செக்ரட்டரின்னா சும்மாவா? சிவப்புப் பொட்டு மூட்டை மூட்டையா இருக்கு, பச்சைக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்க்கிறார், யாருக்கு சார் விசேஷம்னு கேக்கிறார்.

— அம்பத்தெட்டு வயசுல எனக்குத்தான்னு சொல்ல வேண்டியதுதானே.

— பார்த்தீங்களா, எங்க அக்கா வாயை? சரி, விளையாட்டுப் போதும். மேடம்கிட்ட சொல்லுக்கா, கை தவறிடுச்சுன்னு.

— கை தவறலடா. சிவப்புதான் ஒட்டணும்னு வீட்டுலேர்ந்தே நெனச்சுக்கிட்டு வந்தேன்.

— அக்கா!

— மெதுவாப் பேசு. சார்ட் ஒட்டின செவுரு பக்கம் நிக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும். நீ ஒட்டறதுக்கு முன்னாடி முப்பத்தெட்டு பச்சை, முப்பத்தெட்டு சிவப்பு. சறுக்கு மரம் முடிவாயிடுச்சு, நடைபாதை முடிவாயிடுச்சு, லைட்டு முடிவாயிடுச்சு. ஊஞ்சல் ஒண்ணுதான் இழுத்துக்கிட்டு நிக்குது. கடைசி ஆளு நீ. எங்க அக்கா வராம எங்க போயிடப் போறாங்கன்னு நான் நிம்மதியா டீ குடிச்சுக்கிட்டிருக்கேன், நீ வந்து கவுத்துட்டுப் போற! யார் சொல்லிக் குடுத்தா? அந்த சிவசங்கரா? அவருக்குப் பழசுன்னாலே ஆகாது.

— அவரோட நான் பேசி ஆறு மாசம் ஆச்சு. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்.

— அப்புறம் என்னதான் உனக்கு? இது நம்ம ஊஞ்சல்க்கா. மேடம், நீங்க வெளியூர், உங்களுக்குத் தெரியாது. ராஜகோபுரம் அப்ப மொட்டையா நிக்கும். டிவி கிடையாது, ஒண்ணு கிடையாது. ஸ்கூல் விட்டா பையை வாசல்லயே வீசிட்டு இங்க ஓடியாந்துடுவோம். அக்கா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுவாங்க. வந்து வரிசையில நிப்போம் பாருங்க, கோயில்ல சேவிக்க நிக்கிற மாதிரி.

— வரிசையில நின்னது நான். நீ அந்த நேரத்துல மணல்ல நிஜாமுதீனோட கட்டிப் புரண்டுக்கிட்டிருப்ப. நம்ம முறை வந்ததும் கூப்பிடுவேன்.

— ஆமா, ஆமா! நவநீன்னு ஒரு கூப்பாடு போடுவாங்க மேடம், கொள்ளிடக்கரை வரைக்கும் கேக்கும். நான் அப்படியே மண்ணோட ஓடியாந்து பலகையில தாவுவேன்.

— மண்ணைத் தட்டி விட்டு, டவுசரை இழுத்து விட்டு, நான்தான் தூக்கி உட்கார வைப்பேன். ஒருத்தருக்கு நூறு எண்ணணும், அதான் கணக்கு. தொண்ணூறு வந்ததுமே இவன் மூஞ்சி கோணும் யமுனா. பாவமா இருக்கும். நைசா எழுபதுக்குத் திரும்பிப் போயிடுவேன். பின்னாடி நிக்கிற ரசூல் பெரிய கில்லாடி, கண்டுபிடிச்சுடுவான். எங்க ரெண்டு பேருக்கும் தினம் சண்டை.

— அடேயப்பா! எழுபதுக்குத் திரும்பினியா? அதான் என் முறை மட்டும் அவ்வளவு நேரம் போச்சா! இது எனக்கே தெரியாதே!

— உனக்கு எதுதான் தெரியும்?

— பாருங்க மேடம், அம்பது வருஷம் கழிச்சு எப்படி ஒண்ணு விடாமச் சொல்றாங்க! இந்த மனுஷி சிவப்பு ஒட்டலாமா? நீங்களே நியாயம் சொல்லுங்க.

— நான் எந்தப் பக்கமும் பேசக்கூடாது சார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்லிடறேன். அம்மா, பழசையே வச்சுக்கறதுன்னா துரு எடுத்து, செயின் மாத்தி, பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுவோம். ஆனா குழாயெல்லாம் பழசு, பாரம் தாங்காது. அதனால அந்த போர்டு அப்படியே இருக்கும், பன்னிரண்டு வயசுக்கு மேல ஏறக்கூடாதுன்னு. புதுசு அப்படியில்ல. பெரியவங்களும் ஆடலாம்.

— அன்னிக்கு மீட்டிங்லயும் இதைத்தானே சொன்னே? எந்த வயசா இருந்தாலுமா?

— எந்த வயசா இருந்தாலும்மா.

— பெரியவங்களுக்கு எதுக்கு மேடம் ஊஞ்சல்? நாலு பெஞ்சைப் போடுங்க, போதும். சுகருக்கு நடக்க வர்றவங்க ஊஞ்சல்ல ஏறி ஆடப் போறாங்களாக்கும்! ஊரே சிரிக்கும்.

— சிரிச்சாச் சிரிக்கட்டுமே. அவங்க பல்லு, அவங்க சிரிக்கிறாங்க.

— இவங்களுக்கு இன்னிக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. முட்டி வலின்னு மாடியில காயப்போட்ட துணியை எடுக்க என்னை ஏத்தி விடுவாங்க மேடம். இப்ப என்னமோ ஊஞ்சல் கட்சிக்குத் தலைவி மாதிரி பேசறாங்க.

— சார், ப்ளீஸ். அம்மா பேசட்டும். நீங்க அந்தக் காலத்துல எப்படி விளையாடினீங்கன்னு கேக்கவே எனக்கு ஆசையா இருக்கு. ரிப்போர்ட்ல எழுதிப்பேன்.

— என்னத்தம்மா எழுதப் போறே? இங்க ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்துச்சு. அதும் அடியில எட்டு ஜோடி செருப்பு வரிசையா இருக்கும், நான் காவல். ஒத்தச் செருப்பு குறைஞ்சாலும் எங்கம்மா என் முதுகுலதான் கேப்பாங்க. காவேரிப் பக்கமிருந்து காத்து வரும். ஊஞ்சலுக்கு நேர் கீழ கால் தேச்சுத் தேச்சு ஒரு பள்ளம் விழுந்துடும், மழை பெஞ்சா முழங்கால் தண்ணி. நிஜாமுதீன் அதுல தொப்புன்னு விழுந்து டவுசர் கிழிஞ்சு, அழுதுக்கிட்டே ரெண்டு கையாலயும் பின்னாடி பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போனான். இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

— அய்யோ, அந்த டவுசர்! மறந்தே போயிட்டேனே! அவன் துபாய்லேர்ந்து போன் பண்றப்ப இதைக் கேக்கணும். அக்கா, இப்படியெல்லாம் பேசிட்டு எப்படிக்கா உனக்கு மனசு வருது?

— மனசு வர்றதுக்கு நாள் ஆச்சுடா. சும்மா வரல.

— நான் ஒண்ணு சொல்லட்டா? அப்பா போயாச்சு. அம்மா போயாச்சு. வீட்டை இடிச்சு அப்பார்ட்மெண்ட் கட்டியாச்சு, நீ கீழ, நான் மேல. தூங்குமூஞ்சி மரத்தைப் புயல் கொண்டு போச்சு. நாமளும் சின்னப் பிள்ளைங்களா இருந்தோம்னு சாட்சி சொல்ல அந்த இரும்பு ஒண்ணுதான் மிச்சம். வாக்கிங் வர்றப்ப தினம் அதைத் தொட்டுட்டுத்தான் போறேன், தெரியுமா உனக்கு? அதையும் லாரியில ஏத்திட்டா எனக்கு என்ன இருக்கு?

— டேய், கண்ணைத் துடை. வயசான காலத்துல நடுப்பார்க்ல நின்னு அழுவுறான் பாரு.

— நான் ஒண்ணும் அழல.

— தெரியும், தூசி. எனக்கும் அதுமேல பாசம் இல்லாம இல்லடா. காலையில எவனாவது ஆடி அந்தக் கிரீச்னு ஒரு சத்தம் ஜன்னல்ல கேட்டாப் போதும், உன் சின்ன மூஞ்சி வந்து நிக்கும். முன்பல்லு ரெண்டும் விழுந்த வாயை வச்சுக்கிட்டு, திரும்பிப் பார்த்து, இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னு கத்துவ. எனக்குத் தோள்பட்டை கழண்டு போகும். ஆனா நீ சிரிக்கிற சிரிப்புக்கு நிறுத்தவே தோணாது.

— நீ தள்ளின மாதிரி யாரும் தள்ள மாட்டாங்கக்கா. உண்மையைச் சொல்றேன். மேல போறப்ப வயித்துக்குள்ள ஜிலுஜிலுன்னு ஒண்ணு ஓடுமே! உச்சிக்குப் போய் ஒரு நொடி நிக்கும் பாரு, பூமியே இல்லாத மாதிரி. தென்னந்தோப்புக்கு மேல மலைக்கோட்டை பளிச்னு தெரிஞ்சு மறையும். இன்னிக்கும் தூக்கம் வராட்டி அதைத்தான் நெனச்சுக்குவேன். உனக்கு அதெல்லாம் மறந்தா போச்சு?

— மலைக்கோட்டை தெரியும்னு நீ சாப்பிடறப்ப சொல்லுவ. நம்ம தங்கச்சி தேவகியும் சொல்லுவா. ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு சொல்லுவீங்க.

— நாங்க சொன்னதை விடு. தேவகி பெங்களூர்ல இருக்கா, அவ வந்து பொட்டு ஒட்டப் போறதில்ல. உன்னைக் கேக்கிறேன். அந்த ஜிலுஜிலு உனக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?

— விடுடா. நேரமாச்சு. யமுனாவும் வீட்டுக்குப் போகணும்.

— எனக்கு அவசரம் இல்லம்மா. நீங்க சொல்லுங்க.

— அக்கா, ஏன் தலையைக் குனிஞ்சுக்கற? நான் கேக்கிறேன்ல?

— முதல்ல நீ என் இடுப்புல இருந்தடா. நீ இறங்கி ஊஞ்சல்ல ஏறினதும் தேவகி இடுப்புல ஏறிட்டா. அவளும் வளந்து, உங்க ரெண்டு பேரையும் ஆட்டி முடிச்சு, இன்னிக்காவது நாமளும் உட்காருவோம்னு பாவாடையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் சங்கிலியைத் தொட்டேன், வாட்ச்மேன் அற்புதசாமி அந்த போர்டைக் காட்டினார். எனக்குப் பன்னிரண்டு முடிஞ்சு ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. நான் அந்த ஊஞ்சல்ல ஒரு நாளும் உட்கார்ந்ததில்லடா நவநீ.