பின்னால் மூன்று அடி

பழகிவிட்டால் முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதுதான் சுகம், ஐயா. இருபத்திரண்டு வருடம் அப்படி நடந்தே சாப்பிட்டவன் நான். அலெக்சாந்திரியாவில் எங்கள் பட்டறைக்கு வந்தால் பார்க்கலாம்.

வண்ண வண்ணக் கண்ணாடிக் குச்சிகளை முகம்போல் அடுக்கி, சூளையில் இளக்கி ஒன்றாக்குவோம். இரண்டு முனையிலும் இரும்புக் கம்பி ஒட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிராகப் பின்னால் நடப்போம். கட்டி நீண்டு கோலாகும். உள்ளே இருக்கும் முகம் சிறுத்துக்கொண்டே போகும், அழியாது. ஆறியதும் வில்லை வில்லையாக அறுத்தால், எல்லா வில்லையிலும் அதே முகம்.

முகம் என்றால் பாதி முகம். ஒரு கண், அரை மூக்கு, அரை வாய். அடுத்தடுத்த இரண்டு வில்லைகளை எடுத்து, ஒன்றைப் புரட்டிப் பக்கத்தில் வைத்து ஒட்டினால் முழு முகம். அந்த ஒட்டும் வேலை என்னுடையது. அடுக்கும் வேலை பனூபிஸுடையது. அவன் என் தங்கை தயேசிஸின் புருஷன்.

இழுக்கும்போது கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கக் கூடாது. அதனால் அவன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்வேன், என் முதுகுக்குப் பின்னால் அவன். பட்டறை வழக்கம் அது.

போன மாதம் அவன் முழு முகம் ஒன்றை அடுக்கினான். ஒரு கண் கொஞ்சம் சிறியது.

"நிஜ மூஞ்சி அப்படித்தான் மச்சான் இருக்கும். நீங்க ஒட்டுறதெல்லாம் பொம்ம மூஞ்சி" என்றான்.

"அப்போ ஒட்டுறவன் என்ன பண்றது?"

"கரி அள்ளுங்க. முதுகுக்கு நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி அந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, இனிமேல் முழு முகமே போதும் என்றார்.

மறுநாள் காலை பட்டறையில் நாங்கள் இருவர்தான். அவன் பக்கம் பத்தாவது அடியில் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் வாய். நான்கு ஆள் ஆழம்; நைல் பெருகினால்தான் நிறையும். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் அடியில் கணுக்கால் தண்ணீர்தான். தண்ணீர் மொள்ளப் பலகையைத் தூக்கிய நான் மூட மறந்துவிட்டேன். அப்படித்தான் உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னேன்.

ஏழாவது அடியில் வழக்கமாக நிற்போம்.

"இறுகிடுச்சு மச்சான்" என்றான்.

"உன் பக்கம் இறுகியிருக்கும். என் பக்கம் இன்னும் இளக்கமாத்தான் இருக்கு. இழு."

அவரவர் முனை அவரவருக்குத்தான் தெரியும். எதிர்முனைக்காரன் சொன்னால் நம்ப வேண்டும். நம்பினான். இரண்டு அடி வைத்தான்.

அன்று மாலை, தொட்டியிலிருந்து பிணத்தை எடுத்த பிறகு, தயேசிஸ் பட்டறைக்கு வந்தாள். அழவில்லை. தரையில் படிந்திருந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லை அறுப்பவள் அவள், கண் கூர்மை.

"அண்ணே, உங்க பக்கம் ஏழு தடம் சூளையப் பார்த்துக்கிட்டே பின்னால போயிருக்கு. அப்புறம் மூணு தடம் முன்னால வந்திருக்கு. இழுக்கறவன் எதுக்கு முன்னால வருவான்?"

"தாங்கிப் பிடிக்க வந்தேன்மா."

"ஓடி வந்த தடமா இது? அளந்து வச்சிருக்கே."

அவள்தான் உங்களிடம் வந்து சொன்னாள் என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அவன் விழும்போது முனையை விட்டுவிட்டான். கோல் சாம்பலில் விழுந்தது, உடையவில்லை. சட்டென்று ஆறினால் வெடித்துவிடும் என்று அதைச் சூளையோரக் கதகதப்பில் கிடத்தினேன். அதன் பிறகுதான் தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

நான் அவனைத் தொடவில்லை, ஐயா. எங்கள் நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் கோல் இருந்தது, அவ்வளவுதான். பத்தாவது அடிக்கு முன் அவன் தயங்கினான். அவனோடு சேர்ந்து இரண்டு அடி முன்னால் வந்திருந்த நான், மூன்றாவது அடியையும் வைத்தேன். அவன் நின்றிருந்தால் கோல் வளைந்து ஒடிந்திருக்கும். ஒடியக் கூடாதென்று அவனாகவே பின்வாங்கினான். நல்ல வேலைக்காரன்.

கண்ணாடிக் கோலை வைத்து ஓர் ஆளைத் தள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். அவசரப்பட்டால் முடியாது.