நீல நூல் கோத்த ஊசி

உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு முதுகுவலிதான் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் முதுகு இன்றைக்கும் கம்பிபோல இருக்கிறது. எனக்கு வந்தது சர்க்கரை. இனிப்பைத் தொடாத எனக்குச் சர்க்கரை வந்ததையும், டப்பாவோடு மிட்டாயைத் தின்று தீர்க்கும் என் தங்கைக்கு அது வராததையும் சொல்லிச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம். அவளுக்கு வயிறு. சாப்பிட்டால் எரிச்சல், சாப்பிடாவிட்டால் அதைவிட எரிச்சல். அலமாரியில் மேல்தட்டு என் மாத்திரைகளுக்கு, கீழ்த்தட்டு அவளுடையவற்றுக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மருந்துக்கடை வைக்கலாம் என்பாள்.

ஏன் செய்தாய் என்று மட்டும்தான் கேட்கிறீர்கள், மேடம். அதைச் சொல்வதென்றால் ஊசியிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாங்கள் குழந்தைத் துணிகளில் பூவேலை செய்கிறவர்கள். பிறந்த குழந்தைக்குப் போடும் சட்டை, தொப்பி, போர்வை. முயல், வாத்து, நிலா என்று சின்னச் சின்னதாக வரும். கடைக்கார அம்மா துணியைக் கொண்டுவந்து கொடுப்பார், முடிந்ததும் வந்து எடுத்துப்போவார். அவர் போட்டது ஒரே ஒரு சட்டம். மாலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் எல்லா ஊசியும் பஞ்சுத் திண்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை ஒரு துணிகூட வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. துணிக்குள் ஊசி இருந்தால் குழந்தை அழும். பசி என்று நினைத்துத் தாய் தூக்கி அணைப்பாள். அணைக்க அணைக்க ஊசி உள்ளே போகும். கடைக்கார அம்மா இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து அது அவர் சட்டம் இல்லை, என் சட்டம்.

என் தங்கைக்கு எதுவும் விளையாட்டுத்தான். சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு என்னோடு வந்து சேர்ந்தாள். வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தாள், வந்தபிறகு தெருப் பூனைகளைச் சேர்த்துக்கொண்டாள். பெரிய ஆண்பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வரும், இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்துப் படுக்கும், ஒரு வேலைக்கும் உதவாது. இன்னொன்று மேஸ்திரி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துவிட்டுப் போகும். மூன்றாவது ஊமைச்சி, வாயே திறக்காது. பூனைகள்மேல் எனக்கு வெறுப்புக் கிடையாது. மீன் வாங்கினால் தலையை நான்தான் எடுத்துவைப்பேன். துணிமேல் முடி ஒட்டாமல் இருந்தால் போதும்.

அன்று மதியம் முயலின் காதுக்கு நீல நூல் வேண்டியிருந்தது. எனக்குக் கண் மங்கல், கோத்துத் தருவது சின்னவள்தான். அவள் நூலைக் கோத்து, ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு ஏதோ கதை பேசினாள். இந்தப் பழக்கத்தை விடு, விடு என்று சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் குதித்து, மேஜைமேல் விரித்திருந்த வெள்ளைப் போர்வையில் போய்ச் சாய்ந்தது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெறுங்காலோடு எழுந்து விரட்டினேன். அது கட்டிலைச் சுற்றியது, நானும் சுற்றினேன். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஊசி இல்லை.

"உன் மடியில வெச்சேனே அக்கா" என்றாள்.

நான் கடைசியாகப் பார்த்தது அவள் உதட்டில்.

சல்லடை போட்டுத் தேடினோம். எங்களிடம் ஒரு காந்தம் உண்டு, கயிற்றில் கட்டியது. ஒவ்வொரு துணிமேலும் இரண்டு பக்கமும் அதை ஓட்டினேன். பாயை உதறினேன், மெத்தையைப் பிரித்தேன். தரை முழுக்கக் காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்தேன். அது அடிக்கடி என் பக்கமே திரும்பி என் செருப்பில் வந்து இடித்தது. செருப்பில் ஆணி இருக்கும் என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். ஊசி கிடைக்கவில்லை.

"போனா போவுது, விடேன். துணியில இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. குடுத்துடலாம்" என்றாள் சின்னவள்.

கொடுக்க முடியாது என்றேன். கடைக்கார அம்மா போன் செய்தபோது எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். துணிகள் மடித்தபடி மேஜையில் இருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு குழந்தை அழுவதுபோல இருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னவள் மட்டும் சாப்பிட்டாள், பூனைகளுக்கும் போட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

பூனைக்கு நூல் என்றால் உயிர். நாக்கில் ஒட்டிக்கொண்டால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலில் ஊசி இருந்தால் அதுவும் கூடவே போகும். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதற்கேற்றாற்போல மாப்பிள்ளையின் போக்கும் மாறியிருந்தது. முன்னெல்லாம் என்னைக் கண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு விலகிப் போகும். இப்போது என் காலடியைவிட்டு நகரவில்லை. குதிகாலை முகர்வதும் நக்குவதுமாக இருந்தது. தப்புச் செய்தவர்கள்தான் இப்படிக் குழைவார்கள்.

"அக்கா, மாப்பிள்ளை உன் காலையே மோந்துக்கிட்டு இருக்கான் பாரு. புண்ணு கிண்ணு இருக்கப்போவுது. காட்டு" என்றாள் சின்னவள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன். என் கால்களில் ஒரு குறையும் இல்லை. வெந்நீரை ஊற்றினாலும் சுடாது, அவ்வளவு நன்றாக இருந்தன.

மறுநாள் அவள் மருந்து வாங்கப் போயிருந்தபோது மாப்பிள்ளையைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, தானாகப் பின்னால் வந்தது. துவைக்கிற கல்மேல் மீன்தலையை வைத்தேன். எங்கள் இஸ்திரிப்பெட்டி பழைய மாதிரி, நல்ல கனம். ஒரே அடிதான். பிறகு துணி வெட்டும் கத்தரியால் வயிற்றைத் திறந்தேன். தோல் என்பது கொஞ்சம் தடித்த துணி, அவ்வளவுதான். கத்தரியின் நுனியைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே எதுவும் கிழியாது. குடலுக்குள் நீல நூல் சுருண்டு கிடந்தது. ஊசி இல்லை.

நீங்களே சொல்லுங்கள், நூல் மட்டும் எப்படி இருக்கும்? ஊசியை வேறு ஏதோ ஒன்று எடுத்திருக்க வேண்டும். அதனால் மேஸ்திரியையும் ஊமைச்சியையும் பார்க்க வேண்டியதாயிற்று. மேஸ்திரி கையைப் பிறாண்டிவிட்டது. ஊமைச்சி அன்றைக்குத்தான் வாய் திறந்தது. இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் திறந்ததைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. மூன்றையும் கெட்டித் தையல் போட்டு மூடினேன். முடிச்சை உள்பக்கம் மறைத்து, பழைய தலையணை உறையில் சுற்றிக் கொல்லையில் புதைத்தேன்.

சின்னவள் தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். தட்டில் மீன் காய்ந்து கிடந்தது. அவள் அழுதபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டே அழுதாள். முன்பும் அவளுக்கு வயிற்றுவலி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது வேறு வலி. இந்த வலிக்கு ஒரு முனை இருந்தது. ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தால் அந்த ஊசி எங்கே போகும் என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பெரியவள் எனக்குத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அவளிடம் பக்குவமாகத்தான் கேட்டேன். "சின்னவளே, நெஜத்தச் சொல்லு. முழுங்கிட்டியா?"

"என்னக்கா பேசற நீ? முழுங்கினா எனக்குத் தெரியாதா?"

"வலிக்குதுங்கறியே."

"அது குடல்புண்ணு. டாக்டர் சொன்னாரு. நீ மொதல்ல உன் காலக் காட்டு. நீ நடந்த எடமெல்லாம் ஈரமாருக்கு. வாடை வேற வருது."

ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தால் காலைப் பற்றிப் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் இதேதான். மடியில் கனம் இருக்கிறவர்கள்தான் பேச்சை மாற்றுவார்கள். மதியம் அவள் தூங்கும்போது காந்தத்தை எடுத்துப்போய் அவள் வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டேன். அது ஆடியது. பிறகு அவள் இடுப்புப் பக்கம் சாய்ந்து நின்றது. பாவாடையில் ஊக்குக் குத்தியிருந்தாள் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். நான் அப்போது துணியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் அவ்வளவு இரக்கம் வந்தது. வாயில்லாத குழந்தைபோல, தனக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே தெருநாய்கள் கொல்லையைத் தோண்டிவிட்டன. நான் உள்ளே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். சின்னவள் கொல்லைப்பக்கமிருந்து வந்தாள். கையில் தலையணை உறை. மேஜைமேல் துணிகளைத் தள்ளிவிட்டு அதைப் பிரித்தாள். மாப்பிள்ளைதான். வயிற்றில் தையல் மட்டும் அப்படியே இருந்தது, ஒரு கண்ணிகூட விடவில்லை. அவள் கூச்சல் போடவில்லை. தையலை விரலால் தடவினாள்.

"இந்த முடிச்ச இந்த ஊர்ல நீ ஒருத்திதான் போடுவ" என்றாள்.

நான் விளக்கினேன். நூல் கிடைத்ததைச் சொன்னேன், ஊசி கிடைக்காததைச் சொன்னேன். அவள் என்னை யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள். "பயமாருக்கு அக்கா. நாளைக்கி டாக்டர்கிட்ட போலாம். உன் காலயும் காட்டலாம், தலையயும் காட்டலாம். கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். சாயங்காலம் வந்து துணிய எடுத்துக்கறேன்னாங்க."

அவள் எனக்கு வேறு வழி வைக்கவில்லை. சாயங்காலம் துணி போய்விடும். ஊசி கிடைக்காமல் துணி போகக் கூடாது. வெளியே வெயில் நன்றாக இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, கட்டிலில் சுருண்டு படுத்தாள். என்னிடம் அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு. இஸ்திரிப்பெட்டி கனமானது என்று முன்பே சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஒன்று போதுமாயிருந்தது, இவளுக்குப் போதவில்லை. இரண்டாவது அடிக்கு முன்னால் திரும்பி "அக்கா" என்றாள். என்ன என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருந்தது நல்லதாயிற்று. மற்றதையெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பொறுமையாகத்தான் தேடினேன். ஆனால் மனித உடம்பு பெரிது, மடிப்பு அதிகம். முக்கால்வாசி பார்ப்பதற்குள் வாசலில் கடைக்கார அம்மாவின் குரல் கேட்டது. அரையும் குறையுமாக விட்டுவிட முடியுமா? தைக்க ஆரம்பித்தேன். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு நிமிஷம் இருங்கம்மா, இன்னும் ஊசி கிடைக்கல" என்றேன். அவர் ஏன் அப்படி ஓடினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் சட்டம்தானே அது.

இங்கே கொண்டுவந்த பிறகு, காவலுக்கு இருந்த பெண் என் காலில் நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் என் குதிகாலைக் கீறினார். கீறியதுகூட எனக்குத் தெரியவில்லை, கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று நீங்கள் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். கறுத்துப்போன ஊசி, அதன் காதில் நீல நூல் துணுக்கு. வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ.

அது என் ஊசி இல்லை, மேடம். அந்த நீலம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். என் ஊசி என் காலில் ஏறியிருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா? வலி தாங்காமல் கத்தியிருப்பேன். சின்னவள் ஓடிவந்து எடுத்துவிட்டிருப்பாள்.

அடித்தேன், திறந்தேன், தைத்தேன், எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். அவளை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கால்வாசி பாக்கி இருக்கிறது. அதுவரை துணிகளை எந்தக் குழந்தைக்கும் போட வேண்டாம். பிரிக்கிறவரிடம் முடிச்சு உள்பக்கம் இருக்கிறது, முதலில் அதை வெட்டிவிடுங்கள் என்று சொல்லுங்கள். அப்படியே நூலைப் பிடித்து இழுத்தால் அவளுக்கு வலிக்கும்.