குழாயைத் திறக்காமலே ஓடின பம்பு

இந்தா, பின் வரிசை மதினிமாரே, அதுக்குள்ள எந்திரிக்காதீங்க. ஆஸ்பத்திரிப் பேச்சை நிறுத்திட்டேன், போதுமா? ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. கதைன்னாலும் கட்டினது இல்ல, நடந்தது. அந்தா வேப்பமரத்தடியில நிக்குதே... அந்த வண்டிக்குள்ளதான் நடந்தது.

அது முன்னால சினிமாக்காரங்க கேரவன். உள்ள மெத்தை, அடுப்பு, கக்கூஸ், கை கழுவக் குழாய், எல்லாம் உண்டு. பதினெட்டு வருஷத்து வண்டி. மெத்தையத் தூக்கிட்டு, ஊர் ஊராப் போய் முகாம் போட, மாருல கட்டி இருக்கான்னு படம் எடுக்குற மிஷினை வெச்சோம். ஆனா தண்ணித் தொட்டி, பம்பு, பைப்பு எல்லாம் அதே பழசுதான். குழாயைத் திறந்தா பம்பு டுர்ர்ர்னு ஓடும், மூடினா நின்னுரும். அவ்வளவுதான் அதுக்கு வேலை.

டிரைவர் மிக்கேல் அண்ணாச்சி. ஒரு நாள் மத்தியானம் வண்டியில தனியா உட்காந்து சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சிருக்காரு. டுர்ர்ர்... நின்னுருச்சு.

"யாரு உள்ள? சிஸ்டரா?"

போய்ப் பார்த்தா ஆளும் இல்ல, குழாயும் மூடியிருக்கு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும்... டுர்ர்ர். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கல. மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயில் பூசைக்குப் போற ஆளு, யாருக்கும் தெரியாம மந்திரிச்ச கறுப்புக் கயிறு வாங்கிட்டு வந்து கட்டிட்டாரு. எதுக்கு? பம்புக்கு!

சிரிங்க, சிரிங்க. உங்க இடுப்புலயும் கழுத்துலயும் எத்தனை கயிறு கிடக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?

கயிறு கட்டியும் ஓடுச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடினது, அஞ்சு நிமிஷமாச்சு... ரெண்டு நிமிஷமாச்சு. காலையில ரொப்பின தொட்டி மத்தியானத்துக்குள்ள பாதி. வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்க்குறாரு, ஒரு சொட்டு விழல. மண்ணு காஞ்சு கிடக்கு. தண்ணி குறையுது... வெளிய வரல... அப்ப எங்கதான் போகுது? சொல்லுங்க தாயி, எங்க போகுது?

அண்ணாச்சிக்குத் தெரியும். பைப்பு எங்கேயோ விட்டிருக்குன்னு மனசுக்குள்ள நல்லாத் தெரியும். ஆனா ஷெட்டுக்குக் கொண்டு போனா மெக்கானிக்கு தரையைப் பிரிப்பான். பிரிச்சுப் பார்த்துட்டு, "இது தேறாது அண்ணாச்சி, ஓரங்கட்டுங்க"ன்னு சொல்லிட்டா? அம்பத்தெட்டு வயசுல அவருக்கு வேற யாரு வண்டி கொடுப்பா? அந்தப் பயம். அதனால சத்தம் கேட்டா சுவிட்சை அமத்திருவாரு. நாங்க கை கழுவ வந்தா போடுவாரு. போடுற ஒவ்வொரு தடவையும் உள்ள ஊறிக்கிட்டே இருந்துச்சு.

நான் மட்டும் யோக்கியமா? எனக்கும் கேட்டுச்சே!

"என்ன அண்ணாச்சி, சும்மாவே ஓடுது?"

"பழைய வண்டி சிஸ்டர், வயசானா இருமாதா?"

சரின்னு விட்டுட்டேன். ஏன்னா முகாம் நின்னுருமேன்னு எனக்கும் பயம்.

அப்பதான் சீனித்தாய் வந்தா. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறவ. மாருல கடலை மாதிரி ஒரு கட்டி. எட்டு மாசமா யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்குத்தான் தைரியம் வந்து ஏறியிருக்கா. மிஷின்ல நிப்பாட்டி, மாரை ரெண்டு பலகைக்கு நடுவுல அமுக்கினேன். "அசையாத தாயி, மூச்சை அடக்கு..." அவ்வளவுதான் சொன்னேன். காலுக்கு அடியில மடக்குன்னு ஒரு சத்தம்.

மிஷினு அப்படியே அவ மேல சாயுது!

"ஐயோ சிஸ்டர்! சாயுது... சாயுது!"

அவளால நகர முடியாது, பலகை பிடிச்சிருக்கு. நான் தோளைக் கொடுத்துத் தாங்குறேன். பலகையை விடுவிக்கிற பொத்தான் எனக்கு எட்டல. என் கால் தரையில புதையுது. "அண்ணாச்சி! அண்ணாச்சி!"ன்னு கத்துறேன். பொம்பளைங்க இருக்கிற இடம், அவரு ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. அன்னைக்கு வந்தாரு. ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு, தடவித் தடவி வந்து முதுகைக் கொடுத்தாரு. நான் எட்டிப் பொத்தானை அமுக்கினேன். சீனித்தாய் கீழ விழுந்து கதறினா.

தரை விரிப்பை உரிச்சோம். மேல பளபளன்னு பூப்போட்ட விரிப்பு. அடியில பலகை பூராவும் டீயில ஊறின ரஸ்க்கு மாதிரி கையோட வருது. கக்கூஸுக்குப் பின்னால பைப்பை இறுக்குற ஒரு கிளாம்ப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கு. ஸ்குரு டிரைவரால ஒரு அரைச் சுத்து... சொட்டு நின்னுபோச்சு. முதல் நாள் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை!

வண்டி அஞ்சு மாசம் ஷெட்டுல கிடந்துச்சு. "பெரியாஸ்பத்திரிக்குப் போ தாயி"ன்னு சீனித்தாய்கிட்ட கெஞ்சினேன். "வண்டி வரட்டும் சிஸ்டர்"னு சொல்லிட்டா. பெரியாஸ்பத்திரின்னா அவளுக்கு இன்னும் பயம், பாவம். மறுபடியும் அவ ஊருல வண்டி போய் நிக்கும்போது கடலை எலுமிச்சம்பழமா ஆயிருந்துச்சு. இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கா. டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. நேத்துப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறா: "வலிக்கவே இல்லையே சிஸ்டர்... வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேனே?"

வலிக்கல. புரியுதா தாயி? வண்டிக்கு அடியில ஒரு சொட்டு விழலேல்ல... அதுதான் இது. வெளிய தெரியலன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல. கட்டி, கசிவு, நிக்காத உதிரப்போக்கு, இதெல்லாம் குழாயைத் திறக்காமலே ஓடுற பம்பு. கயிறு கட்டினா நிக்காது. நெனைக்காம இருந்தாலும் நிக்காது. எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஆனா பார்த்தாத்தான் தெரியும். சீக்கிரம் பார்த்தா அரைச் சுத்து வேலை.

இப்ப நான் பேச்சை நிறுத்துறேன். வண்டிப் பக்கம் காது கொடுங்க... சத்தம் வருதா? வரல. அதைச் சரி பண்ணியாச்சு, தரையும் புதுசு. ஆனா உங்க உடம்புக்குள்ள ஓடுற பம்புச் சத்தம் உங்களுக்கு மட்டும்தான் கேக்கும். எனக்குக் கேக்காது, பக்கத்துல உட்காந்திருக்கிறவளுக்கும் கேக்காது. அந்தச் சத்தம் கேக்குறவ யாருன்னு நான் விசாரிக்க மாட்டேன். பயமா இருக்கா? இருக்கட்டும், பயத்தோடயே வண்டிக்கு வாங்க. அண்ணாச்சி கண்ணை மூடிக்கிட்டுத்தானே உள்ள வந்தாரு?