இறக்கக்கண்டிக் கடலில் விழுந்த தாங்கி

எங்கள் குன்றில் காற்றுக்குக் குறைவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மின்விசிறியே தேவையில்லை. ஆள்தான் குறைவு.

கனகரத்தினம் என்ற நான் இந்த ராடர் நிலையத்தில் மூன்று வருஷமாகத் தனி ஆளாக வேலை பார்க்கிறேன். வானத்துக்கு அலையை அனுப்புவோம். எதிலாவது பட்டுத் திரும்பினால் திரையில் தெரியும். பூமியைச் சுற்றும் செத்துப்போன செய்மதி, உடைந்த ரொக்கட் துண்டு, எப்போதாவது பூமிக்குக் கிட்ட வரும் ஒரு விண்கல். கடலில் ஏதும் விழப்போகிறதென்றால் மீனவர் சங்கத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

சங்கச் செயலாளர் அஸீம். இறக்கக்கண்டி ஆள். அறிவித்தலில் கையெழுத்து வைக்க இருநூற்றுச் சொச்சம் படி ஏறி வருவான். வந்தால் இலேசில் எழும்ப மாட்டான். மீன் விலை, மச்சானின் கலியாணம், எல்லாக் கதையும் வரும். எனக்கு வேறு ஆளில்லை. மனைவி சுலோஜனா பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டாள்.

மாசியில் நடைமுறை மாறியது. இனிப் போனில் செய்தி அனுப்பினால் போதும். "நல்லதாப் போச்சு அண்ணன், முழங்கால் தப்பிச்சு," என்று அஸீம் சிரித்தான். பிறகு அவன் வரவேயில்லை. நாலு மாதம். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அதைச் சொல்ல வெட்கமில்லை.

போன செவ்வாய் காலை ஒரு ரொக்கட்டின் எரிபொருள் தாங்கி கடலில் விழும் இடம் தெரிந்தது. 'தொட வேண்டாம், உள்ளே நஞ்சு இருக்கலாம்' என்று செய்தியை அடித்தேன். அனுப்பவில்லை. ஒரு தரம் தவறினால், போன் சரிவராது என்று பழையபடி ஏறி வருவான் என நினைத்தேன். தாங்கி ஒருவர் தலையிலும் விழவில்லை, பாருங்கள்.

பத்து மணிக்குக் கடலில் இருந்து அஸீமே போனில் கோல் எடுத்தான்.

"அண்ணன், பெரிய பூசணிக்காய் அளவில ஒரு உருண்டை மிதந்திச்சு. வள்ளத்துக்குள்ள ஏத்திட்டன். என்ன சாமான் இது?"

"ஏதும் மணக்குதா?"

"மீன் மணம்தான். வள்ளத்தில வேற என்ன மணக்கும்?"

அந்த எரிபொருள் கசிந்தால் மீன் மணம்தான் அடிக்கும். கடலுக்குப் போகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். தூக்கிப் போட்டுவிட்டு உடம்பைக் கழுவு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால், சரி என்று போனை வைத்துவிடுவான்.

"மேல கொண்டு வா தம்பி, பாப்பம்," என்றேன்.

உருண்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தான். அதை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன். அந்தளவு புத்தி எனக்கு இருந்தது. கண் சிவந்து, இருமிக்கொண்டே கதைத்தான். மகள் பஹ்மியா புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பிறகு இருந்த கதிரையிலேயே சரிந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனதாம். ஓம், அம்புலன்ஸுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் அடித்தேன். உடனே அடித்திருந்தால் உடனே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு வந்தவன், ஐயா. அவன் சரிந்தபோது வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.