உன் மேலதிகாரி யார்?

லோதி ரோட்டில் பஸ் ஏறிய இரண்டு தமிழ் இளைஞர்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“இலவசமா சாஃப்ட்வேர் குடுக்கிறவனைத் திட்டி, உன் மேலதிகாரி யாருன்னு மெயில்ல கேட்டேன்டா.”

“ஏன்டா?”

“புது வெர்ஷன்ல நாம நம்பியிருந்த ஒரு வசதியை, அந்த ஃபங்ஷனையே தூக்கிட்டான். நம்ம புரோகிராம் மொத்தமும் படுத்துடுச்சு. எங்கப்பாவோட கவர்மெண்ட் ஆபீஸ் பாணியில ரெண்டு ரிமைண்டர் வேற அனுப்பினேன்.”

“பதில் வந்துதா?”

“மேலதிகாரியே கிடையாதாம். அந்த சாஃப்ட்வேரை எழுதுறது ஒரே ஆளாம். நார்வேல தபால்காரராம்.”

“தபால்காரரா! அவர் சாஃப்ட்வேரை வச்சுத்தானேடா நம்ம கம்பெனியே ஓடுது?”

“அந்த ஃபங்ஷனைத் திரும்பச் சேர்த்துட்டாரு. தப்பைக் காட்டினதுக்கு நன்றின்னு வெர்ஷன் குறிப்புல என் பேரையும் போட்டிருக்காரு.”

“அச்சா! நீ பதிலுக்கு என்ன எழுதினே?”

“ ‘ரெஸ்பெக்டட் சார்’னு ஆரம்பிச்சேன். மூணு நாளாச்சு, அதுக்கு மேல கை ஓடலை.”