தெகீரி

சர்க்கரை வியாதிக்காரன் மாம்பழக் கூழ் இருக்கும் திசைக்கே போகக் கூடாது என்பாள் என் வீட்டுக்காரி வஹிதா. நான் புதன்கிழமை அங்கே போனது கூழுக்காக இல்லை, இன்ஸ்பெக்டர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவள் மனசு சங்கடப்படும்.

என் பெயர் அப்துல் ரஷீத். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலக்கோட்டுப் பக்கம் குளிர்கிடங்குகளில், தலையில் கூடையோடு வருகிறவர் "தெற" என்றால் கதவு தானாகத் திறக்கிறதே, அந்த நிரல் நான் எழுதியது. 'கதவுமொழி' என்று பெயர். ஓப்பன் சோர்ஸ். அதாவது இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறேன். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், ஓட்டை இருந்தால் சொல்லலாம்.

சொன்னார்கள். முதல் பதிப்புக்குக் கொஞ்சம் இளகிய மனசு. மாரண்டஹள்ளியில் ஒரு வெள்ளாடு கத்தியதற்கே திறந்துவிட்டது. ஆடு உள்ளே போய் ஒரு கூடை கேரட்டை முடித்துவிட்டு, மறுபடி கத்தித் தானே வெளியே வந்தது. வந்ததும் கதவைப் பார்த்துத் தலையாட்டியது என்கிறார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

அந்த ஓட்டையை அடைக்கும் வரை என் போன் ஓயவில்லை. ஓசூரிலிருந்து, சேலத்திலிருந்து, "சார், புது வெர்ஷன் எப்பங்க சார்?" அடைத்தேன். போன் நின்றுவிட்டது. வீட்டில் நானும் வஹிதாவும் மின்விசிறியும்தான்.

ஆகவே அடுத்த பதிப்பில் சின்னதாக ஓர் ஓட்டையை நானே விட்டுவைத்தேன். யாராவது கண்டுபிடிப்பார்கள், கூப்பிடுவார்கள், அன்றைக்கே அடைத்துக் கொடுப்பேன், வேறோர் இடத்தில் இன்னொன்று விடுவேன். திருட நினைக்கவில்லை. ஒரு முறை வேறு யாரோ அந்த வழியாக ஒரு தக்காளிக் கிடங்குக்குள் புகுந்துவிட்டார்கள். தடுத்த வாட்ச்மேனுக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை. நல்ல மனிதர். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மாதேஷ் என் பழைய மாணவன். மாம்பழக் கூழ் கம்பெனியில் உறைய வைக்கும் ரூமை அவன்தான் பார்த்துக்கொண்டான். கதவுமொழியிலும் எனக்குக் கூடமாட உதவினான். அவன் இரண்டு மாற்றம் செய்தான். புதுப் பதிப்பு வந்தால் ரூம்கள் தானாக ஏற்றிக்கொள்ளும். அப்புறம், ஒவ்வொரு ரூமுக்கும் தனிச் சொல் வைக்கலாம்; வேறெந்தச் சொல்லுக்கும் அது அசையாது. தன் ரூமுக்கு அவன் வைத்தது 'தெகி'. அவன் வீட்டில் பேசுவது கன்னடம். அதில் தெகி என்றால் திற. சந்தையில் அவன் பேசும் தமிழைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

"இங்க எவன் சார் தெகின்னு சொல்லப் போறான்? ஆடுகூடச் சொல்லாது."

"கன்னட ஆடு வந்தா?"

"அதுக்குத் தனி வெர்ஷன் வுட்டுரலாம் சார்."

அப்படிப் பேசிச் சிரித்த பையன்தான் போன வாரம் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"சார், இத்தன வருசமா வந்த ஓட்டையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். எல்லாம் ஒரே கை வேலையா இருக்குது."

"யாரு கைப்பா?"

"நீங்களே எல்லாருக்கும் சொல்லிருங்க சார். நான் சொன்னா நல்லா இருக்காது. வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கறேன்."

வஹிதா கொடுத்த டீயைக் குடித்து, நன்றாக இருக்கிறது ஆயா என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் எனக்குப் போக இடமில்லை. பள்ளிவாசலில் சலாம் சொல்கிறவர், கடையில் சார் என்று எழுந்து நிற்கிறவர், எல்லோர் முகத்திலும் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை அவன் முதலாளி வீட்டில் காதுகுத்து. ஆட்களெல்லாம் கறிச்சோற்றுக்குப் போய்விட்டார்கள். மிஷினை விட்டு மாதேஷ் எங்கும் போக மாட்டான் என்பது எனக்குத் தெரியும். மத்தியானம் அவன் உள்ளே போனான், பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியில் நின்று என் போனில் புதுப் பதிப்பை வெளியிட்டேன். ஒளிவுமறைவு கிடையாது. குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன்: 'சிறு பாதுகாப்புத் திருத்தம். கன்னடச் சொற்கள் நீக்கப்பட்டன.' ரூம் சமர்த்தாக ஏற்றிக்கொண்டது.

உள்பக்கம் தள்ளித் திறக்கும் குமிழ் உடைந்து நாளாயிற்று. வாயால் சொன்னால் திறக்கிறதே, அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். உள்ளே போனுக்குச் சிக்னலும் கிடைக்காது.

கதவுக்குப் புரியாத சொல் எதுவோ அது என் போனுக்கு வந்துவிடும். சோதித்துப் பார்ப்பதற்காக நான் வைத்த ஏற்பாடு. 'தெகி' என்று வந்தது. தெரியாத சொல். மறுபடி 'தெகி'. அப்புறம் 'தெற'. அந்த ரூமுக்கு அதுவும் தெரியாத சொல்தான். 'தெறங்க' வந்தது. அப்புறம் 'சார்' என்று வந்தது. அவன் கெட்டிக்காரன், புரிந்துகொண்டுவிட்டான்.

பிறகு தமிழ் வரவில்லை. குளிர் ஏற ஏற மனுஷன் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறான் போல. 'சார், பாகிலு தெகீரி.' பாகிலு என்றால் கதவு. தெகி என்பதற்கு மரியாதை சேர்த்தால் தெகீரி. நான் அவனுக்கு அவ்வளவு செய்திருக்கிறேன், கடைசிவரை அந்த 'ரி'யை அவன் விடவில்லை. நல்ல வளர்ப்பு.

மறுநாள் ஓசூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், கன்னடம் எடுக்க மாட்டேங்குதுங்க." அன்றைக்கே சரிசெய்து கொடுத்தேன். ரொம்ப நன்றி சொன்னார்.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுகிறவர் நீங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு கைப்பிடி இருக்கிறது. இழுத்தால் குழந்தைக்கும் திறக்கும். அதற்குப் பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், சொற்கள் வருவது நிற்கும் வரை. அந்தக் கைப்பிடியை நான் தொடவே இல்லை. ரேகை எடுத்துப் பாருங்கள் இன்ஸ்பெக்டர், என்னுடையது ஒன்றுகூட இருக்காது.