சீமோன் வேஷக்காரன்

கண்டியிலிருந்து புசல்லாவைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு அன்று முழுக்க யார் மேலும் கோபம் வராது, ஃபாதர். இன்றைக்குக் கிடைத்தது. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் இந்தப் பங்குக்குப் புதியவர், முதலில் இருந்தே சொன்னால்தான் விளங்கும்.

நான் வலன்ரைன். கண்டியில் ஒரு கம்பனியில் கிளார்க். அங்கே எல்லாம் சிங்களத்தில்தான் நடக்கும், அதனால் எனக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று அலைச்சல் வந்தாலும் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். நானும் முகம் சுளிக்காமல் போவேன்.

பெரிய வெள்ளிக்கு இங்கே சிலுவைப்பாதையை நடித்துக் காட்டுவோம். லயத்து வீடுகளுக்குக் கீழே தொடங்கி, தேயிலை மலை வழியாகக் கோயில் வரைக்கும். என் தங்கை ஷெரோனின் புருஷன் றொமேஷ்தான் வருடா வருடம் இயேசு. நான் சீரேன் ஊர் சீமோன். இயேசு முதல் தடவை விழுந்த பிறகு என்னைக் கூட்டத்திலிருந்து பிடித்திழுப்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து, குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா வரைக்கும் சிலுவையைத் தூக்கிப்போய், சனம் என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேர்ப்பது எனக்கு, அழுவது அவருக்காக. பொய் சொல்ல மாட்டேன் ஃபாதர், வயிறு எரிந்தது.

போன வருடம் தவக்காலம் தொடங்கும் நேரம் றொமேஷ் வந்த த்ரீவீல் வளைவில் புரண்டது. கம்பி ஒன்று வலது விலாவுக்குக் கீழே இடித்து, ஈரல் கிழிந்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டாமலே, அசையாமல் படுக்க வைத்து, இரத்தம் ஏற்றிக் கவனித்தார்கள். உள்ளே கசிவு தானாக நின்றது. வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். இந்த முறை நீயே இயேசுவாக இரு என்று உங்களுக்கு முன் இருந்த ஃபாதர் என்னிடம் சொன்னார். நான் தாடி வளர்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் கோயில் வாசலில் வைத்து நிஷாந்தி, வெரோணிக்கா வேஷம் போடுகிறவள், நல்ல மனசோடு ஒன்று சொன்னாள்.

"இந்த ஒரு வருசம் சமாளிங்கண்ணே. அடுத்த வருசம் றொமேஷ் அண்ணன் வந்துருவாரு."

சமாளிக்கச் சொன்னாள், ஃபாதர். என்னை.

சில வாரம் கழித்து றொமேஷை கிளினிக்குக் கூட்டிப் போனேன். மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். ஈரலுக்குள் ஓடுகிற இரத்த நாடி ஒன்றின் சுவர் நைந்துபோய், சைக்கிள் டியூப் புடைக்குமே, அப்படி ஒரு கொப்புளம் விட்டிருக்கிறதாம். ஆள் பார்க்கத் தெம்பாகத்தான் இருப்பார், ஆனால் அது எந்த நேரமும் வெடிக்கலாமாம். பெரிய ஒப்பரேஷன் ஒன்றும் தேவையில்லை. தொடையில் ஓடுகிற நாடி வழியே மெல்லிய குழாயை விட்டு, குட்டிக் கம்பிச் சுருளால் அடைத்துவிடலாம். இன்றைக்கே வார்ட்டில் சேர வேண்டும், பாரம் தூக்கவே கூடாது என்றார். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது.

றொமேஷுக்கு மீன் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம். ஈரல், நாடி என்று வந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னா சொல்றாங்க மச்சான்?"

"காயம் ஆறிருச்சாம். சிலுவை தூக்கலாமான்னும் கேட்டுட்டேன். தாராளமா தூக்கட்டுமாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். துணிமணி எடுத்துக்கொண்டு பின்னேரம் வந்து சேர்ந்துவிடுவோம் என்று நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஆளைக் காணவில்லையே என்று அவர் எனக்குப் போன் எடுத்தபோது, கொழும்பில் பிரைவேட்டில் காட்டி அடைத்தாகிவிட்டது என்றேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று எனக்கு நன்றி சொன்னார். இதில் ஒருவர் மனதையும் நான் நோகடிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வருடம் நான்தான் இயேசு. அவரும் பிழைத்திருப்பார். பிழைத்து, அடுத்த வருடம் திரும்பி வந்திருப்பார். அதுதான் சிக்கல். தாடியை மழித்துவிட்டு மறுபடியும் சீமோன் ஆனேன்.

பெரிய வெள்ளியன்று முதல் தடவை மிக அழகாக விழுந்தார். என்னை இழுத்து வந்தார்கள். சிலுவையைத் தோள் மாற்றும்போது என் காதுக்குள் சொன்னார்.

"வலப்பக்கம் புடிச்சு இழுக்குது மச்சான். கோயில் வரைக்கும் நீங்களே தூக்கிருங்களேன்."

அவராகவே கேட்டார், பாருங்கள். ஆனால் பிள்ளைக் காம்பரா வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். வழக்கம் அப்படி.

மூன்றாம் தடவை விழுந்தபோது வாயால் இரத்தம் வந்தது. பீட்ரூட் சாறு என்று நினைத்துச் சனம் குலுங்கிக் குலுங்கி அழுதது. படைவீரன் வேஷக்காரன் எழும்பச் சொல்லி அடிக்கவும் அடித்தான். நிஷாந்திதான் முதலில் சந்தேகப்பட்டு ஓடி வந்தாள். வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்பளை ஆஸ்பத்திரி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் வேனில் ஏறவில்லை. முன்னால் பாடிக்கொண்டு போனவர்களுக்கு எதுவும் தெரியாது, ஊர்வலம் பாதியில் நின்றால் நன்றாகவா இருக்கும்? கீழே கிடந்த முள்முடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சிலுவையைத் தூக்கினேன். கோயில் வரைக்கும் ஒரு தடவைகூட இறக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு ஷெரோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய ஆசையை அண்ணன்தான் முடித்துவைத்தீர்கள் என்று அழுதாள். அவளுக்கு அது ஆறுதல் என்றால் எனக்கும் சந்தோஷம்தான்.

செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அன்றைய போட்டோவில் முள்முடி கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது.

ஆகவே, றொமேஷை நான்தான் கொன்றேன், ஃபாதர். தெரிந்தேதான் செய்தேன். நீங்கள் இதை வெளியே சொல்ல முடியாது என்பதும் தெரியும், ஆனால் அதற்காக உங்களிடம் வரவில்லை. இந்தப் பங்கில் ஒரு முறை இருக்கிறது. இயேசு வேஷம் போடுகிறவர் திருநீற்றுப் புதனுக்கு முன் வந்து, ஒன்றையும் ஒளிக்காமல் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும். நாளைக்குத் திருநீற்றுப் புதன். மனச்சாட்சிக்கு விரோதமாக அந்த அங்கியைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.